மில்லில் அரைத்த வாக்குமூலம்

“எம்மவ கொன்னுட்டான்னு மட்டும் சொல்லாதிய அண்ணாச்சி, அந்த வார்த்தைய…”

“நானா சொல்லுதேன்? அங்கன உள்ளவன் சொல்லுதாம்மா. நீங்க மொதல்ல உக்காருங்க…”

“அவன் சொன்னா நீங்க சரி சரின்னு கேட்டுக்கிட்டு இருப்பியளா? உங்கள நம்பித்தான அனுப்புனேன்? சவுதில கெடக்க மனுசன் வேண்டாம் வேண்டாம்னாரு, நாந்தான்…”

“சத்தம் போடாதிய, கீழ லாட்ஜ்ல ஆளு இருக்கு. சீசன் நேரம்.”

“சீசனா? எம்புள்ள அங்கன அன்னந்தண்ணி இல்லாம கெடக்கா, உங்களுக்கு சீசனு!”

ரெபேக்காள் கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, அலிமா, சண்முகநாதன் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு சொல் நுழைக்க இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் எந்தச் சொல்லை நுழைப்பது என்று அவளுக்குத் தெரியாது. ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் சண்முகநாதன் கட்டியிருக்கும் லாட்ஜின் மேல்மாடிதான் பயிற்சி மையம். கீழே நல்லெண்ணெய் நாற்றம் மாடிப்படி வரைக்கும் ஏறி நிற்கும். மசாஜ்காரர்கள் யாரோ ஒரு மதுரைக்காரர் முதுகில் சப்புச் சப்பென்று அடிக்கிற சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. சாரல் விட்டு விட்டு விழுந்தது. சீசன் வந்துவிட்டால் ஜப்பான் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளின் அறைகளெல்லாம் குளிக்க வருகிறவர்களுக்குப் போய்விடும். பிள்ளைகள் பையும் பாயுமாக ஹாலில் கிடப்பார்கள். அந்த ஹாலில்தான் இப்போது எல்லாருமாகச் சேர்ந்து ஜப்பானிய வணக்கங்களை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சண்டை காதில் விழாததுபோல் காட்டிக்கொள்ள வேண்டுமே, அதற்காக வழக்கத்தைவிட உரக்கச் சொன்னார்கள்.

“டீச்சர், நீங்க சொல்லுங்க,” என்று அலிமா சட்டென்று இந்தப் பக்கம் திரும்பினாள். “அஃப்ரின் எப்படிப் படிச்சா? நல்லாப் படிச்சாளா இல்லையா?”

“நல்லாப் படிச்சா,” என்றாள் ரெபேக்காள். “இங்க வந்த பிள்ளையள்லயே அவதான் நல்லாப் பேசுனா.”

“பொறவு எப்படி அவளுக்கு வாசிக்கத் தெரியாமப் போச்சு?”

சண்முகநாதன் ஜன்னல் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்தார். மழை வலுக்கிறதா என்று பார்க்கிறவர்போல.

அதற்குப் பதில் இந்த மேசைமேல்தான் இருந்தது. ரெபேக்காள் சென்னையில் ஒரு கம்பெனியில் ஜப்பான்காரர்களோடு போனில் பேசுகிற வேலையில் பல வருஷம் இருந்தவள். அந்த மொழி அவளுக்குக் காது வழியாக வந்தது. புருஷன் தவறிப்போய், தென்காசிக்குத் திரும்பி வந்தபோது, சண்முகநாதன் தேடி வந்து சொன்னார்: “டீச்சர், ஜப்பான்ல கெழடு கட்டைய பாக்க ஆளு இல்ல. நம்ம பிள்ளைய பூரா சும்மா இருக்கு. பாஷையச் சொல்லிக் குடுங்க, போதும்.” எழுத்து? எழுத்துதான் இடித்தது. ஜப்பான் எழுத்தில் ஒரு வகை என்றால் எப்படியாவது உருட்டிவிடலாம். மூன்று வகை. அதிலே படம் படமாக வரைகிற ஒரு வகைக்கு முடிவே கிடையாது. எளிய வகை இரண்டும் ரெபேக்காளுக்குத் தட்டுத்தடுமாறி வரும். படம்போட்ட எழுத்தைக் கண்டால் அவளும் முழிப்பாள். அப்போதுதான் அந்த சாஃப்ட்வேர் கிடைத்தது. மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம். மேல் கட்டத்தில் ஜப்பான் எழுத்தைப் போட்டால் கீழ் கட்டத்தில் ஏ பி சி டியாக விழும். அர்த்தமெல்லாம் சொல்லாது, சத்தத்தை மட்டும் சொல்லும். போனில் இருப்பது இன்னும் வசதி. கேமராவை எழுத்துக்கு நேராகப் பிடித்தால் போதும், எழுத்துக்கு மேலேயே இங்கிலீஷ் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் அதற்கு ‘மில்லு’ என்று பேர் வைத்தார்கள். மேலே கொட்டினால் கீழே மாவாக விழுகிறதல்லவா, அதனால். “டீச்சர், அடுத்த பாடத்த மில்லுல போட்டாச்சா?” என்று கேட்பார்கள். பாடம், பரீட்சைக் கேள்வி, இன்டர்வியூவில் சொல்லவேண்டிய சுயபுராணம் எல்லாம் மில்லில் அரைத்துத்தான் அவர்கள் கைக்குப் போகும். பழைய கேள்விகளை உருப்போட்டுப் பரீட்சையில் தேறினார்கள். இன்டர்வியூவில் திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஜப்பான் அம்மா, அஃப்ரின் பேசி முடித்ததும் கைதட்டினாள். அன்றைக்கு சண்முகநாதன் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். “எழுத்து எதுக்கு டீச்சர்? கெழவியக் குளிப்பாட்டுததுக்கு எழுத்தா வேணும்?” என்று சிரித்தார். எல்லாரும்தான் சிரித்தார்கள்.

ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே அஃப்ரின் கூப்பிட்டாள். “டீச்சர், இங்கன வேலை நேரத்துல போன வாங்கி லாக்கர்ல போட்டுருதாவ. மில்லு இல்லாம எனக்குக் கண்ணக் கட்டி விட்ட மாதிரி இருக்கு.” ரெபேக்காள் சொன்னாள்: “வெள்ளனப் போயி, போர்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து, மில்லுல போட்டு மனப்பாடம் பண்ணிக்கோ. சமாளி மக்கா, போகப் போகப் பழகிரும்.” பிள்ளையும் அப்படியே செய்தாள். விடியுமுன்னே போவாள். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் தொங்குகிற அட்டையை மனப்பாடம் பண்ணுவாள். இவருக்கு இந்த மாத்திரை, இவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இவருக்குத் தண்ணீரைக் கெட்டியாக்குகிற பொடி கலக்க வேண்டும். அவள் எழுத்தை வாசிக்கவில்லை என்று ஒரு ஆளுக்கும் தெரியவில்லை. ஆறேழு மாதம் ஓடிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் ஒரு கிழவியின் அட்டையை மாற்றிவிட்டார்கள். கிழவிக்கு விழுங்க முடியவில்லை, இனிமேல் எல்லாவற்றையும் கூழாக்கித்தான் கொடுக்கணும் என்று டாக்டர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அஃப்ரின் சாயங்காலம் வந்தபோது புது அட்டையைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். அவள் தலைக்குள் காலையில் பாடம் பண்ணின பழைய அட்டை இருந்தது. கிழவி அவள் கையைத் தட்டி ஆரஞ்சுச் சுளை கேட்டிருக்கிறாள். தினமும் கேட்கிறதுதான். அஃப்ரின் தோலை உரித்து, நாரை எடுத்து, கொட்டையைத் தள்ளி, வாயில் வைத்திருக்கிறாள். சுளை தொண்டையில் அடைத்து, கிழவி மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

“நாளைக்குக் காலைல விசாரணை,” என்றார் சண்முகநாதன், ஜன்னலிலிருந்து திரும்பி. “செத்துப்போன அந்தம்மா மகன் வருதான், போலீஸ்ல இருந்து ஒரு ஆளு வருதான். அஃப்ரின் என்ன நடந்துச்சுன்னு அவ வாயால சொல்லணும். அம்புட்டுதான். ஜப்பான்காரன் ரொம்ப தன்மையான ஆளும்மா. குனிஞ்சு மன்னிப்பு கேட்டா உருகிருவான்.”

“அவளுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு சொல்லச் சொல்லுங்க.”

“யம்மா, அத எப்படி…”

“உள்ளதத்தான சொல்லச் சொல்லுதேன்? வாசிக்கத் தெரியாத புள்ளைக்கு அட்டையில எழுதி வச்சா அவ என்ன செய்வா? வேணும்னு செஞ்சாளா? வாசிக்கத் தெரியாதுன்னு சொன்னா வேலைய விட்டுத் தொரத்துவான். தொரத்தட்டும். வந்து எங்கூட பீடி சுத்தட்டும்.” அலிமா தன் கைகளை நீட்டிக் காட்டினாள். இலை வெட்டி, தூள் அடைத்து, கட்டை விரல் நகம் தேய்ந்து மஞ்சளாய் இருந்தது. “இந்தக் கையாலதான அவள வளத்தேன்? எனக்கு அவ ஜப்பான்லயும் இருக்க வேண்டாம், செயில்லயும் இருக்க வேண்டாம். எங்கூட இருந்தாப் போதும்.”

சண்முகநாதன் ரெபேக்காளைப் பார்த்தார். பிறகு, அவ்வளவு நேரம் சண்டை போட்ட மனுஷனா என்று நினைக்கும்படி, சாந்தமாகத் தலையாட்டினார்.

“சரிம்மா. பெத்தவ நீங்க. உங்க இஷ்டம்போலவே எழுதிருவோம். டீச்சர், அவ என்ன சொல்லணுமோ அத நீங்க எழுதி மில்லுல போட்டு அனுப்பிருங்க. அவ அதப் பாத்து வாசிக்கட்டும். போதுமாம்மா?”

“பேசுதத மாத்திச் சொல்ல துபாஷி மாதிரி ஆளு ஒண்ணும் தர மாட்டாவளா?” என்று அலிமா கேட்டாள்.

“கேட்டாவ. வேண்டாம்னு அஃப்ரினே சொல்லிட்டா. அவளுக்குத்தான் பாஷை தண்ணிபட்ட பாடாச்சே.”

அப்படிச் சொல்லச் சொன்னதே இவர்தான் என்று ரெபேக்காளுக்குத் தெரியும். முந்தாநாள் இதே அறையில், போனில், ‘ஆளு கேட்டேன்னா உனக்குப் பாஷை தெரியலன்னு ஆயிரும் பாத்துக்க’ என்று அவர் சொன்னபோது, அவள் இதே நாற்காலியில்தான் இருந்தாள்.

“டீச்சர்,” அலிமா மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். “நீங்க எழுதுவியள்லா? உள்ளதை உள்ளபடி?”

“எழுதுதேன்ம்மா.”

“சத்தியமா?”

“எழுதுதேன்னு சொல்லுதேன்லா.”

“அப்ப நான் அஸர் தொழுதுட்டு வந்திருதேன். ஒரு எடம் இருந்தா காட்டுங்க.” சண்முகநாதன் தானே கூட்டிக்கொண்டு போய், ஆள் வராத ஒரு அறையைத் திறந்துவிட்டு, புதிய பெட்ஷீட் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். வந்து, கதவைச் சாத்தினார்.

ரெபேக்காள் அதற்குள் எழுதத் தொடங்கியிருந்தாள். உண்மையாகத்தான் எழுதினாள். எனக்கு உங்கள் எழுத்தை வாசிக்கத் தெரியாது. எனக்குச் சத்தத்தை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அட்டை மாறியது எனக்குப் புரியவில்லை. அந்த அம்மா கேட்டார்கள், கொடுத்தேன். இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. மொழிபெயர்க்கிற இன்னொரு சாஃப்ட்வேரில் போட்டு ஜப்பானியமாக்கி, வந்ததை மில்லில் போட்டு, விழுந்ததை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. பாடப் புத்தகத்தில் வருகிற மாதிரிச் சின்னச் சின்ன வாக்கியங்கள். அஃப்ரினுக்கே அர்த்தம் விளங்கிவிடும்.

சண்முகநாதன் பின்னால் வந்து நின்று பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியாது. ஆனால் தமிழில் அவள் எழுதியது திரையில் ஒரு ஓரத்தில் அப்படியே இருந்தது.

“அப்ப அனுப்பப் போறியளா?”

“பின்ன? அவ உம்மாட்ட சொல்லிட்டோம்லா சார்.”

“அனுப்புங்க. அனுப்பிட்டு நேர ஹாலுக்குப் போங்க. அங்கன ஒரு கூட்டம் ‘ஒஹாயோ, ஒஹாயோ’ன்னு கத்திக்கிட்டுக் கெடக்கு பாருங்க. அடுத்த மாசம் பிளைட்டு. ‘யட்டி, பெட்டியக் கட்டி வீட்டுக்குப் போங்க, ஒங்களுக்கு நான் சொல்லிக் குடுத்தது படிப்பே இல்ல’ன்னு நீங்களே சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன். ஆவுடைத்தாய் அப்பன் வயல வித்துட்டு வந்து நிக்கான், அவன் மூஞ்சியப் பாத்து நீங்களே சொல்லுங்க.”

“சார், அஃப்ரின் கதி? வாசிக்கத் தெரியாதுன்னு சொல்லலன்னா, வாசிச்சுத் தெரிஞ்சே குடுத்தான்னு ஆயிரும், கேஸு வரும் சார். போலீஸு உக்காந்திருப்பான்.”

“சின்னப் பிள்ளைய என்ன செய்யப் போறான்? ஒரு தப்பு நடந்துபோச்சுன்னு நாலு திட்டு திட்டுவான், பிளைட்டு ஏத்திருவான். அவ உம்மா கேக்கதும் அதத்தான?”

“அப்படி விட மாட்டான் சார். உங்களுக்கும் தெரியும்.”

அவர் தன் போனை எடுத்து, எதையோ தேடி, அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். ஜப்பானில் ஏதோ கட்டடத்தின் வாசலில் மாட்டியிருந்த ஒரு பலகையின் படம். அவர் அங்கே போயிருந்தபோது எடுத்தது. படம் படமாக ஒரு வரி எழுத்து.

“வாசிங்க டீச்சர்.”

ரெபேக்காள் கையை நீட்டினாள், போனை வாங்குவதற்கு. அவர் கொடுக்கவில்லை.

“மில்லு வேண்டாம். சும்மா வாசிங்க. நாளப் பின்ன அந்த ஹோம்காரன் இங்கன ஆளு அனுப்புவான்ல, ‘யாரு டீச்சரு, கூப்புடு’ம்பான்ல, அன்னைக்கு வாசிப்பியள்லா, அந்த மாதிரி இப்ப வாசிங்க.”

அவள் அந்த எழுத்துகளைப் பார்த்தாள். முதலாவது ஒரு வீட்டுக்கூரை மாதிரி இருந்தது. அதற்கடுத்தது ஜன்னல். அதற்குமேல் ஒன்றும் இல்லை. காது இரண்டும் சூடேறிக்கொண்டு வந்தது. இத்தனை பிள்ளைகளைத் தன்னைப்போலவே ஆக்கி, ஒவ்வொன்றாக விமானம் ஏற்றிவிட்டதை அவள் இதற்கு முன்பும் நினைத்திருக்கிறாள். ஆனால் நினைத்ததை ஒருவர் போனில் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்ததில்லை.

“நான் உங்களக் குத்தம் சொல்லல,” என்றார் சண்முகநாதன், போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே. குரலில் உண்மையாகவே பரிவு இருந்தது. அதுதான் அவளை இன்னும் நெருக்கியது. “ரெண்டு பேரும்தான் செஞ்சோம். அவ இப்படிச் சொல்லட்டும்: அட்டைய வாசிச்சேன், வெளங்குச்சு, நாந்தான் பெரிய கவனக்குறைவா இருந்துட்டேன், யாரும் பொறுப்பு இல்ல, நாந்தான் பொறுப்பு. அப்படி அழுத்தமா வரணும். ஹோம் மேலயும் திரும்பக் கூடாது, நம்ம மேலயும் திரும்பக் கூடாது.”

“வாசிக்கும்போது அவளுக்கே வெளங்கிரும் சார். ‘நான் வாசிச்சேன்’ங்கதுக்குக்கூடவா அவளுக்கு ஜப்பானியம் தெரியாது?”

“அப்ப அவளுக்குத் தெரியாத மாதிரி எழுதுங்க.”

சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். ஹாலில் பிள்ளைகளிடம் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார் போல, கொல்லென்று ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. ரெபேக்காள் எழுதியதை அழித்தாள். சட்டென்று அழிக்கவில்லை, கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு தமிழில் அவர் சொன்னதை எழுதினாள். வக்கீல்கள் பேசுவதுபோல் மாற்றச் சொல்லி மொழிபெயர்க்கிற சாஃப்ட்வேரில் கேட்டாள். வந்ததில் அஃப்ரினுக்குத் தெரிந்த சொற்கள் எட்டிப் பார்த்த இடமெல்லாம் மாற்றினாள். ‘வாசித்தேன்’ தெரியும், அதை எடுத்துவிட்டு ‘அறிவிப்பின் உள்ளடக்கம் என் கவனத்தில் இருந்தது’ என்று ஒன்றைப் போட்டாள். ‘தப்பு’ தெரியும், முதல் பாடத்திலேயே வரும், அதையும் எடுத்தாள். தான் சொல்லிக்கொடுக்காத சொற்களாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். ஒரு டீச்சருக்கு எந்தப் பிள்ளைக்கு எது தெரியாது என்பது நன்றாகத் தெரியும். ‘பெரிய கவனக்குறைவு’ என்பதற்கு வந்து விழுந்த சொல்லை மட்டும் அகராதியில் போட்டுப் பார்த்தாள். கோர்ட்டில் தண்டனை எழுதும்போது போடுகிற சொல் என்று அதில் போட்டிருந்தது. பிறகு அதை எடுத்து மேல் கட்டத்தில் போட்டாள். கீழே ‘ஜூதாய்…’ என்று விழுந்தது. அனுப்பினாள்.

அலிமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்தாள். முகம் கழுவின ஈரத்தோடு, சண்டை போட்ட சுவடே இல்லாமல் இருந்தது. நாற்காலியை இழுத்து ரெபேக்காள் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தாள்.

“எழுதிட்டியளா?”

“ம்.”

“இதா?” திரையில் விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தாள். “கே… ஐ… ஜே… நம்ம பஸ்ஸுல எழுதியிருக்க இங்கிலீஷ்தான? எழுத்து எல்லாம் தெரியுது, ஒண்ணும் வெளங்கலியே டீச்சர்.” தானே சிரித்துக்கொண்டாள். “உங்களுக்குத்தான் கஷ்டம் குடுக்கேன். கோவத்துல அண்ணாச்சிய என்னெல்லாமோ பேசிட்டேன். மனசுல வச்சுக்கிட வேண்டாம்னு சொல்லுங்க.”

போன் அடித்தது. அஃப்ரின்தான். ரெபேக்காள் எடுப்பதற்குள் அலிமா எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

“உம்மா? வந்துட்டியளா? டீச்சர், வந்துருச்சு. ரொம்பப் பெருசா எழுதியிருக்கிய.” அழுது அழுது குரல் கட்டியிருந்தது. “எனக்குத் தெரியாத வார்த்தையா இருக்கே எல்லாம்?”

“ஆபீசர் முன்னால பேசுததுல்லா,” என்றாள் ரெபேக்காள். “மரியாதையான ஜப்பானியம். அப்படித்தான் இருக்கும்.”

“உம்மா சொன்னதைத்தான எழுதியிருக்கிய? எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு?”

“எல்லாம் டீச்சர் எழுதிட்டாவ மக்கா,” அலிமாதான் பதில் சொன்னாள். “நீ தைரியமா வாசி. நான் கேக்கேன்.”

அஃப்ரின் வாசித்தாள். அந்தப் பிள்ளையின் நாக்கு எப்போதுமே அப்படித்தான், முதல் தடவையே வழுக்கிக்கொண்டு போகும். எந்த இடத்தில் தாழ்த்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று ரெபேக்காள் மாதக்கணக்கில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒவ்வொரு வரியும் ரெபேக்காளுக்கு விளங்கியது. காது வழியாக வந்த மொழி, கேட்கமாட்டேன் என்றால் விடாது. ஹாலில் பிள்ளைகள் சத்தத்தை நிறுத்திவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கேட்டார்கள். அலிமா கண்ணை மூடிக்கொண்டு, உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டு, மகள் குரலுக்கு மெல்லத் தலையசைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரே ஓர் இடத்தில் அஃப்ரின் இடறினாள்.

“அங்க இழுத்துச் சொல்லணும்,” என்று ரெபேக்காளின் வாய், அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. “அந்த எழுத்து மேல ஒரு கோடு இருக்கு பாரு. ஜூ…தாய்.”

“ஜூ…தாய்,” என்றாள் அஃப்ரின். “இப்ப சரியா டீச்சர்?”

“சரி.”

மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். இந்தத் தடவை எங்கும் தடுக்கவில்லை. முடித்ததும் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சில் கொஞ்சம் சிரிப்புகூட இருந்த மாதிரி இருந்தது.

“எம்புட்டு அழகா பேசுதா,” என்று அலிமா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரெபேக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர்,” என்றாள் அஃப்ரின், “உம்மாவுக்கு இது ஒண்ணும் வெளங்கியிருக்காதுல்லா. ஒவ்வொரு வரியா அர்த்தம் சொல்லுங்க, நானும் கேட்டுக்கிடுதேன்.”